இடது முன் சக்கரம்

சக்கரமே இல்லாத இடத்தில் மூன்று கிலோமீட்டர் வேகம் காட்டியது.

ஜெர்சன் ஸ்கேனரின் சின்னத் திரையைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நான்கு சக்கரங்களுக்கு நான்கு கட்டங்கள். மூன்றில் பூஜ்யம் ஆடாமல் நின்றது. இடது முன் சக்கரத்தின் கட்டத்தில் மட்டும் 3. வண்டி வீட்டுப் போர்ட்டிகோவில் எஞ்சின் அணைந்து நின்றிருந்தது. முன்பக்கம் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஏறியிருந்தது. கழற்றிய சக்கரம் குரோட்டன்ஸ் தொட்டியோரம் சாய்ந்து கிடந்தது. காம்பவுண்டுக்கு வெளியே ஏ.எஸ்.ராவ் நகரின் செவ்வாய்க்கிழமை மாலை, பஸ் ஹாரனும் பானிபூரி வண்டியின் மணியுமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று கிலோமீட்டர் என்பது ஆள் மெல்ல நடக்கிற வேகம்.

முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் அளவுக்கருவிகளைச் சரிபார்த்தவர் அவர். மீட்டர் பொய் சொல்லாது, அதைப் பிடித்திருக்கிறவன்தான் பொய் சொல்வான் என்று ஜூனியர்களை வறுத்தெடுத்தவர். எங்கோ ஒயர் உரசுகிறது, ஈரம் இறங்கியிருக்கிறது, வேறென்ன என்று டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சக்கரக் குழிக்குள் தலையை விட்டார்.

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் விரல் பருமனில் ஒரு சென்சார் இருக்கும். சக்கரத்தோடு சுற்றுகிற பல் வளையத்தின் பற்களை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை. அந்த நான்கு எண்ணிக்கைகளையும் வைத்துக்கொண்டுதான், திடீரென்று பிரேக் அடிக்கும்போது எந்தச் சக்கரமும் இறுகிப்போய் வழுக்காமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். ஒரு சென்சார் கெட்டால் மொத்த ஏற்பாடும் குழம்பிவிடும். இடது முன் சென்சார் ஜூன் மாதமே கெட்டுவிட்டது.

"ஏங்க, நிக்கப்போற நேரத்துல பெடலு காலுக்கடியில கடகடன்னு உதறுதுங்க" என்று அவர் மனைவி ஹில்டாதான் முதலில் சொன்னாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான் நடந்தது. ஜெர்சன் அன்றைக்கே கோளாறைக் கண்டுபிடித்தார். பதினாறு வருடத்து வண்டி, புதுச் சென்சார் வர நாளாகும். அதுவரை தொந்தரவு வேண்டாமென்று ஏபிஎஸ் ஃப்யூஸைப் பிடுங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டார். எச்சரிக்கை விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். ரெண்டு நாள்தான் என்று நினைத்தார். சென்சார் ஆகஸ்டில்தான் வந்தது. வந்து ஒன்பது நாள் ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி பிரிக்காமல் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. ராமச்சந்திராபுரத்தில் அக்கா வீட்டு ஜெபக்கூட்டம் முடித்து, மாலை ஆறு மணி வாக்கில் ஹில்டா தனியாக ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். நல்ல மழை. போயின்பள்ளி தாண்டி ஒரு வளைவில் கம்பி ஏற்றிய லாரி பழுதாகி நின்றிருந்தது. கம்பிகள் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் சிவப்புத் துணிகூடக் கிடையாது. வண்டிக்குப் பெரிய சேதமில்லை. முன் கண்ணாடியும் பானெட்டும்தான் போயின. ஓட்டுநர் சீட்டைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

"பிரேக் அடிச்ச மாதிரியே தெரியல சார், மேடம் தூங்கிட்டாங்க போல" என்று போலீஸ்காரர் சொன்னார். எல்லோரும் அதையே நம்பினார்கள். ஜெர்சனும் தலையாட்டினார். பர்ஸில் ஃப்யூஸ் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அவள் பிரேக்கை மிதித்திருந்தால் அவளைக் கொன்றது அவர். தூங்கியிருந்தால் அவர் தப்பினார். ஆண்டவரே, அவ தூங்கிட்டிருந்திருக்கணும் என்று ஏழு வாரமாக அவர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். கட்டின மனைவிக்காக ஒரு மனிதன் இப்படியும் ஒரு ஜெபம் செய்வானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

இப்போது மகள் பிளெசி அந்த வண்டியைக் கேட்கிறாள். கச்சிபௌலியில் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். "அம்மா கார் டாடி. ஐ வில் டிரைவ் இட். ஸ்கிராப்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். மறுக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக, பர்ஸிலிருந்த ஃப்யூஸை அதன் இடத்தில் செருகிவிட்டு இந்த வேலையில் இறங்கியிருந்தார்.

பழைய சென்சார் துருவில் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி, காத்திருந்து, தட்டித் தட்டி எடுத்ததில் அது இரண்டு துண்டாகத்தான் வந்தது. துருவின் நாற்றமும் ஈரமண்ணின் நாற்றமும் கலந்து மூக்கில் ஏறின. பல் வளையத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு பல்லாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. புதுச் சென்சாரை அதன் குழியில் உட்கார வைத்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முறுக்கி, கனெக்டரை மாட்டினார். திரையில் நான்கு பூஜ்யம். அப்பாடா என்று தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

இடது முன் கட்டத்தில் 11 என்று வந்தது. பிறகு 24. பிறகு 38.

மல்டிமீட்டரை எடுத்து ஒயர் முழுவதையும் சோதித்தார். எங்கும் பழுதில்லை. 38 குறைந்து 6 ஆகி, ஒரு நொடி நின்று, மறுபடி ஏறியது. வேகத்தடையில் ஒரு வண்டி ஏறி இறங்குவதை இந்த எண்களாகத்தான் பார்க்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய உடனே சாவியைத் திருப்பி ஸ்கேனரை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்றிரவு இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை.

புதன்கிழமை மதியம் உதிரிபாகக் கடை நூர் முகமதுவுக்கு போன் செய்தார். அந்தச் சென்சாரை வரவழைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"சக்கரம் சுத்தாம எண்ணு வராது சார். வராதுன்னா வராது" என்றார் நூர்.

"வருது பாய்."

"கனெக்டரக் கழட்டிருங்க. கழட்டுனா ஏபிஎஸ் பொட்டி சென்சாரே இல்லன்னு சொல்லணும். அப்பவும் எண்ணு காட்டிச்சுன்னா பொட்டியே போச்சு." பிறகு, "இத்தன நாள் கழிச்சு கைக்கு சார், எதுக்கு இந்த வண்டி? நக்கோ சார், வேணாம். கொடுத்துருங்க" என்றார்.

மாலை ஆறு மணிக்குக் கனெக்டரைக் கழற்றி, அதன் வாயில் டேப் சுற்றித் தொங்கவிட்டார். இப்போது அந்தக் கட்டத்துக்கு எந்தக் கம்பியும் போகவில்லை. ஆறு ஐந்துக்கு அதில் 9 என்று வந்தது. பழக்கதோஷத்தில் ஒரு நோட்டை எடுத்து, நேரத்தையும் எண்ணையும் எழுத ஆரம்பித்தார். எழுத எழுதத்தான் அது எந்தச் சாலை என்று புரிந்தது. ஆறு பதினொன்றுக்கு ஒன்றரை நிமிடம் பூஜ்யம். பிறகு 20, 31, 44. ஆறு முப்பதுக்குமேல் நத்தை வேகம், நின்று நின்று, 5, 0, 7, 0. ராமச்சந்திராபுரத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், மியாப்பூரிலிருந்து கூகட்பள்ளி வரைக்கும் மழைநாளில் வண்டிகள் இப்படித்தான் ஊரும். அந்தச் சாலையை அவர் இருபது வருடமாக ஓட்டியிருக்கிறார், அதன் ஒவ்வொரு சிக்னலும் தெரியும். பாலாநகர் தாண்டியதும் எண் ஏறியது. போயின்பள்ளி சிக்னலில் நின்றது. மறுபடி ஏறியது.

ஏழு பத்து. 58. உடனே 0.

நடுவில் ஒரு எண்ணும் இல்லை. அதன்பின் எதுவும் வரவில்லை.

விபத்து நடந்த அன்றைக்கு அந்த வண்டியில் ஃப்யூஸ் இல்லை. எந்தப் பெட்டியும் எந்த எண்ணையும் எழுதி வைத்திருக்க வழியே கிடையாது. அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, கொசு கடிப்பதுகூடத் தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். லாரியில் மோதியதால்கூட 58 ஒரே அடியாகப் பூஜ்யமாகியிருக்கலாம். தூங்கியபடியே மோதியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். மற்ற மூன்று சக்கரங்களும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். மற்ற மூன்று கட்டங்களிலும் பூஜ்யம்தான் இருந்தது. அதற்காக அன்றிரவு கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டது. ஐந்தரைக்கு மழை பிடித்தது. போர்ட்டிகோவின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் தெருவே கேட்கவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. இன்று வேண்டாம் என்றுதான் ஜெர்சன் இருந்தார். பேட்டரியின் வயரைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். ஆறு மணி ஆனதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அதை மாட்டினார். தெரியாமல் இருப்பதை இன்னும் ஒரு நாள் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

வலது பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் உட்காராமல், தரையில் மண்டியிட்டார். ஸ்கேனரை ஸ்டீயரிங்கின் அடியிலிருந்த சாக்கெட்டில் சொருகினார். மாற்றிய சீட்டின் மேல் போர்த்தியிருந்த பெட்ஷீட் அவர் தோளில் உரசியது. உள்ளேயிருந்து ரப்பர் மேட்டின் வாசனையும், எவ்வளவு கழுவியும் போகாத இன்னொரு வாசனையும் வந்தன. முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பிரேக் பெடல் இருந்தது.

ஆறு ஐந்துக்கு, நான்கு கட்டங்களிலும் ஒரே நேரத்தில் 9 வந்தது.

"டாடி, காபி?" என்று பிளெசி உள்ளிருந்து கேட்டாள்.

"நக்கோ மா."

"ஏமைந்தி டாடி, என்ன ஆச்சு? வாய்ஸ் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல மா. வேலை முடியப்போகுது."

மியாப்பூர். கூகட்பள்ளி. நான்கு எண்களும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. முழங்கால் வலித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பாலாநகர். ஒரு இடத்தில் இடப்பக்கத்து இரண்டு எண்களும் சற்றே குறைந்தன. இடதுபுறம் திரும்பியிருக்கிறாள். அவள் எப்போதும் திருப்பத்தில் நிதானம். அந்த நிதானத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் அவளுக்குள் என்ன ஓடியிருக்கும்? பாட்டு ஏதாவது முனகியிருப்பாள். ராத்திரிக்கு மாவு இருக்கிறதா என்று யோசித்திருப்பாள். ஏழு ஒன்பது. போயின்பள்ளி. 31. 46. 55.

தூங்கிடு, ஹில்டா. தூங்கிடு.

58.

பெடல் கீழே போனது.

யாரும் தொடவில்லை. அவர் கண்ணெதிரே, டக்கென்று, அடிவரை. பின்னால் பிரேக் விளக்குகள் எரிந்தன. மழைக்கம்பிகள், கேட், எதிர்ச்சுவர் எல்லாம் சிவப்பாகின.

திரையைப் பார்த்தார். முன் சக்கரங்கள் இரண்டும் 0. பின் சக்கரங்கள் 58. 52. 45. 39. பிறகு எல்லாம் பூஜ்யம்.

அவள் தூங்கவில்லை. மிதித்திருக்கிறாள். முன் சக்கரங்கள் இறுகிவிட்டன. இறுகிய சக்கரத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துப் பார்த்திருப்பாள், வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போயிருக்கும். மூன்று நொடி. காலை ஒரு தடவை எடுத்திருந்தால் போதும். விட்டு விட்டு மிதித்திருந்தால் சக்கரம் சுற்றியிருக்கும், வண்டி திரும்பியிருக்கும், லாரியைத் தாண்டி வந்திருப்பாள். பழைய வண்டி இருந்த காலத்தில் அப்படித்தான் மிதிப்பாள். இந்த வண்டி வந்ததும் அந்தப் பழக்கத்தை விடவைத்தவர் அவர்தான். தொழிற்சாலை மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளைத் திட்டித் திட்டிப் பழக்கினார். ஒரே மிதி, பெடல் உதறினாலும் பயப்படாத, வண்டி நிக்கிற வரைக்கும் விடாத. அவள் கண்ணில் தண்ணீர் நிற்க, சரிங்க, சரிங்க என்று கற்றுக்கொண்டாள். ஃப்யூஸைப் பிடுங்கிய அன்றைக்கு, இனிமேல் பழையபடி விட்டு விட்டு மிதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஐயோ" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பெடல் மேலே வரவில்லை.

திரை சிமிட்டியது. முன் சக்கரங்கள் 0. பின் சக்கரங்கள் 58. 52. 45. 39. பூஜ்யம். மறுபடி 58.

முடியவில்லை. அவளுக்கு அது இன்னும் முடியவில்லை.

ஜெர்சன் இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். பெடலின் அடியில் விரல்களைக் கொடுத்து மேலே இழுத்தார். அசையவில்லை. கட்டைவிரல் பெடலின் மேற்பக்கம் போனது. அங்கே ரப்பர் இல்லை.

ஈரம். செருப்பு வார். அதற்குள் ஒரு கால்.

கணுக்கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. தோளில் உரசிக்கொண்டிருந்த பெட்ஷீட் இப்போது உரசவில்லை. மேலே யாரோ மூச்சு விட்டார்கள். விட்டு விட்டு. நடுவில் எதுவோ தடுக்கிற மூச்சு.

"காலை எடு மா" என்றார். "எடுத்துரு. விட்டு விட்டு மிதி. ஃப்யூஸ் இல்ல ஹில்டா. நான்தான் பிடுங்கிட்டேன். உன்கிட்ட சொல்லல. சொல்லாம விட்டுட்டேன். யாருக்கும் சொல்லல. நான்தான் மா. என் மேலதான் தப்பு. காலை எடு."

மழை இரைந்தது.

அவர் விரல்களுக்கு மேலே அந்தக் கால் தளர்ந்தது. ஒரு அரை அங்குலம். பெடல் எழுந்தது. திரையில் முன் சக்கரங்கள் 0 இல்லை. 4. 13. 20. சுற்றுகின்றன. "ஆமா, ஆமா, அப்படித்தான்" என்று ஜெர்சன் அழுதார், சிரித்தார்.

தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. கோபமில்லை அதில். பாடத்தை ஒப்பிக்கிற குரல்.

"நீங்கதான விடாதன்னீங்க."

பெடல் அடிவரை இறங்கியது. அவர் விரல்கள் அதன் அடியில் இருந்தன. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. 0. 58. 52.

அவர் கத்திய கத்தலில் சமையலறைக் கதவு திறந்தது. பிளெசி வாசற்படியில் நின்றாள். அவர் சொன்னது எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, ஓட்டுநர் சீட்டில், முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அவள் உதடுகள் மலர்ந்தன. ஏழு வாரத்தில் முதல் தடவையாக, சின்னப்பிள்ளைச் சிரிப்பு.

"அம்மா" என்றாள். "அம்மா, வந்துட்டீங்களா?"

பிறகு அவள் பார்வை மெல்ல நகர்ந்தது. சீட்டின் முதுகிலிருந்து முன்னோக்கி, ஸ்டீயரிங்கைத் தாண்டி, முன் கண்ணாடி வழியாக வெளியே, பானெட்டின் மேலே, நீளமாக எதையோ அது தொடர்ந்து போனது. ஒரு ஆள் நீளத்துக்கு. போன வழியே திரும்பி வந்தது. சிரிப்பு அவள் வாயிலேயே நின்றது, வாய் மட்டும் திறந்துகொண்டே போனது.

ஜெர்சனின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. மழைத்தண்ணீர் இல்லை. சூடாக இருந்தது. பின்னாலேயே இன்னொன்று.

அவர் நிமிரவில்லை. கையை இழுக்கவும் முடியவில்லை. நசுங்கிய விரல்களின் மேல் அவளுடைய கால் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. திரையில் பின் சக்கரங்கள் மறுபடியும் ஐம்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தன.